மைதானத்தை மூடியது மார்க்கம் அல்ல

2025 ஜனவரி 30 அன்று மெல்போர்னின் ஜங்ஷன் ஓவல் மைதானத்தில் ஆப்கானிஸ்தான் பெண்கள் கிரிக்கெட் அணி களமிறங்கியது. தாயகத்தை விட்டுத் தப்பிவந்து மூன்றாண்டுகளுக்கும் மேலான பிறகு அவர்கள் ஒன்றாக ஆடிய முதல் ஆட்டம் அது. 2020 நவம்பரில் ஆப்கன் கிரிக்கெட் வாரியம் 25 வீராங்கனைகளுக்கு ஒப்பந்தம் வழங்கியிருந்தது. அடுத்த ஆகஸ்டில் தாலிபான் காபூலைப் பிடித்ததும் எல்லாம் முடிந்துபோனது. பெண்கள் கிரிக்கெட் ஆடத் தேவையில்லை, ஆடினால் முகமும் உடலும் வெளியே தெரியும், அதை இஸ்லாம் அனுமதிக்கவில்லை என்று தாலிபானின் பண்பாட்டுக் குழுத் துணைத் தலைவர் அஹ்மதுல்லா வாசிக் அந்தச் செப்டம்பரில் ஆஸ்திரேலியத் தொலைக்காட்சி ஒன்றிடம் அறிவித்தார்.

இதை இஸ்லாத்தின் தீர்ப்பாக உலகம் எடுத்துக்கொண்டால் இரு தரப்புக்கு அநீதி நேர்கிறது. ஆட்டத்தை இழந்த பெண்கள் ஒரு பக்கம். தங்கள் மார்க்கம் இதைச் சொல்லவில்லை என்று அறிந்திருக்கும் கோடிக்கணக்கான முஸ்லிம்கள் மறுபக்கம். பெண்கள் விளையாடவும் விளையாட்டைப் பார்க்கவும் இருக்கும் உரிமையை இஸ்லாமிய மூலநூல்களிலிருந்தே நிறுவ முடியும். அதை மறுப்பது மார்க்கத்தின் பெயரைக் கடன் வாங்கிய ஆட்சியதிகாரம் என்பதே நம் நிலைப்பாடு.

நபிகளாரின் சொல்லையும் செயலையும் பதிவுசெய்யும் ஹதீஸ்களை முதலில் பார்ப்போம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களோடு அன்னை ஆயிஷா (ரலி) ஓட்டப்பந்தயம் ஓடிய செய்தி அபூதாவூத் தொகுப்பில் இருக்கிறது. ஒரு பயணத்தில் நடந்த அந்தப் பந்தயத்தில் ஆயிஷா முந்தினார். பின்னொரு காலத்தில், உடல் பருத்துவிட்ட நிலையில், மறுபடியும் ஓடியபோது நபிகளார் முந்தினார்கள். அன்றைய தோல்விக்கு இது ஈடு என்று சொல்லி மகிழ்ந்தார்கள். இதை நமக்கு அறிவிப்பவர் ஆயிஷாவே. விளையாட்டைப் பார்ப்பது பற்றிய செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் உண்டு. பெருநாள் ஒன்றில் அபிசீனியர்கள் பள்ளிவாசலிலேயே ஈட்டி விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். நபிகளார் தம் மேலாடையால் ஆயிஷாவை மறைத்து நின்று, அவருக்கே போதும் என்று தோன்றும் வரை பார்க்க விட்டார்கள். பள்ளிவாசல் வளாகத்தில் ஆண்கள் ஆடியதை இறைத்தூதரின் மனைவி ஆசைதீரப் பார்த்திருக்கிறார். ஆடுவதற்கு ஒரு சான்று, பார்ப்பதற்கு ஒரு சான்று. இரண்டும் ஒதுக்குப்புறத்து நூல்களில் தேடியெடுக்க வேண்டியவை அல்ல. உலமாக்கள் மேடையில் பயான் செய்யும்போது இல்லற இனிமைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லிவரும் செய்திகள்தாம்.

நிபந்தனைகளே இல்லையா என்றால், இருக்கின்றன. மறைக்க வேண்டிய உடல் பகுதிகளை மறைக்க வேண்டும், அந்நிய ஆண்களோடு வரம்பின்றிக் கலக்கக் கூடாது, தொழுகை தவறக் கூடாது, சூதாட்டம் கலக்கக் கூடாது, உடலுக்குக் கேடு விளையக் கூடாது என்று மார்க்கச் சட்ட அறிஞர்கள் வரையறுக்கிறார்கள். இவற்றில் எதை எவ்வளவு இறுக்கமாகப் பிடிப்பது என்பதில் அவர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. நம்பிக்கையுள்ள ஒரு பெண்ணுக்கு இந்த நிபந்தனைகள் உயிரானவையாக இருக்கலாம். அதைக் கேலி செய்யும் உரிமை எவருக்கும் கிடையாது. ஆனால் நிபந்தனை என்றாலே, அதை நிறைவேற்றினால் அனுமதி உண்டு என்றுதான் பொருள். மறைவான இடம் வேண்டுமென்றால் மறைவான இடத்தைக் கட்டித்தர வேண்டும். பெண் பயிற்சியாளர் வேண்டுமென்றால் பெண்களைப் பயிற்சியாளர்களாக ஆக்க வேண்டும். இவற்றில் எதையும் செய்யாமல், நிபந்தனை நிறைவேறவில்லை என்று சொல்லிப் பெண்ணை வீட்டுக்கு அனுப்புவது மார்க்கப் பற்றாகாது.

செய்ய மனமிருந்தால் வழியும் இருக்கும் என்பதை ஈரானே காட்டியது. முன்னாள் அதிபர் ரஃப்சஞ்சானியின் மகள் ஃபாயிஸா ஹாஷெமியின் முயற்சியில், 1993-இல் தெஹ்ரானில் இஸ்லாமிய நாடுகளின் பெண்களுக்கான விளையாட்டுப் போட்டிகள் தொடங்கின. ஆடுபவர்களும் பெண்கள், நடுவர்களும் பெண்கள், பெரும்பாலான போட்டிகளில் பார்வையாளர்களும் பெண்களே. 2005 வரை நான்கு முறை அவை நடந்தன. இந்த ஏற்பாட்டை எல்லோரும் விரும்ப வேண்டியதில்லை. ஆனால் மிகக் கண்டிப்பான விளக்கத்தை ஏற்றுக்கொண்டவர்களும் பெண்களுக்கு ஆடுகளம் அமைத்துத் தர முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அதே ஈரான், பார்வையாளர் விஷயத்தில் நாற்பதாண்டு காலம் கதவை அடைத்து வைத்திருந்தது. ஆண்கள் ஆடும் கால்பந்தைப் பெண்கள் அரங்கில் அமர்ந்து பார்க்கக் கூடாதென்று எழுதப்பட்ட சட்டம் எதுவும் அங்கே இல்லை. வாயில் காவலரின் தடிதான் சட்டம். 2006-இல் அதிபர் அஹ்மதிநெஜாத், அவரே பழைமைவாதியாக இருந்தும், பெண்களை அனுமதிக்கலாம் என்றார். மூத்த மதகுருமார் எதிர்த்தார்கள். உச்ச தலைவர் காமெனெயி தலையிட, உத்தரவு கைவிடப்பட்டது. ஆண்களின் கால்களைப் பெண்கள் பார்ப்பார்கள், அரங்கில் ஆபாசக் கூச்சல் இருக்கும் என்பவை சொல்லப்பட்ட காரணங்கள். அதே ஆட்டத்தை, அதே கால்களோடு, அரசுத் தொலைக்காட்சி வீட்டுக்குள் ஒளிபரப்பிக்கொண்டிருந்தது. ஆபாசமாகக் கத்துவது ஆண்கள் என்றால் வெளியேற்றப்பட வேண்டியவர்களும் அவர்களே.

2017 செப்டம்பரில் ஈரானும் சிரியாவும் தெஹ்ரானில் மோதியபோது சிரியப் பெண்கள் ஆசாதி அரங்கில் அமர்ந்து தங்கள் அணிக்காகக் குரல் கொடுத்தார்கள். ஈரானியப் பெண்கள் வெளியே நிறுத்தப்பட்டார்கள். கடவுச்சீட்டைப் பொறுத்து மாறும் ஒரு தடையை இறைக்கட்டளை என்று எப்படிச் சொல்வது? 2019 மார்ச்சில் தன் அணியின் ஆட்டத்தைக் காண ஆண்வேடத்தில் வந்து பிடிபட்டார், பின்னாளில் 'நீலப் பெண்' என்று உலகம் அறிந்துகொண்ட இளம் ரசிகை ஒருவர். சிறைத் தண்டனை கிடைக்கலாம் என்ற நிலையில் நீதிமன்ற வாசலில் தீக்குளித்த அவர், அந்தச் செப்டம்பரில் உயிரிழந்தார். அடுத்த மாதம், 2019 அக்டோபர் 10 அன்று, ஃபிஃபாவின் நெருக்குதலால் கம்போடியாவுக்கு எதிரான ஆட்டத்துக்குச் சுமார் 3,500 பெண்கள் அனுமதிக்கப்பட்டார்கள். ஈரான் 14-0 என்று வென்றது. பெண்கள் அமர்ந்திருந்ததால் மார்க்கத்துக்கு எந்தக் கேடும் வந்துவிடவில்லை. அதன் பிறகும், 2022 மார்ச்சில் மஷ்ஹதில் டிக்கெட்டோடு வந்த பெண்கள் மேல் மிளகு ஸ்பிரே அடிக்கப்பட்டது.

சவூதி அரேபியாவின் கதை இதே உண்மையை வேறு வழியில் சொல்கிறது. 2012 லண்டன் ஒலிம்பிக் வரை அந்த நாடு ஒரு பெண்ணைக்கூட ஒலிம்பிக்குக்கு அனுப்பியதில்லை. அரசுப் பள்ளி மாணவிகளுக்கு உடற்கல்வி வகுப்பு 2017-இல்தான் அனுமதிக்கப்பட்டது. 2018 ஜனவரி 12 அன்று ஜித்தாவில் பெண்கள் முதன்முறையாக அரங்கில் அமர்ந்து கால்பந்து பார்க்க அனுமதிக்கப்பட்டார்கள். 2022 பிப்ரவரியில் சவூதிப் பெண்கள் அணி தன் முதல் சர்வதேச ஆட்டத்தில் சீஷெல்ஸை வென்றது. இந்தப் பத்தாண்டுகளில் குர்ஆனில் ஓர் எழுத்தும் மாறவில்லை. புதிய ஹதீஸ் எதுவும் கண்டெடுக்கப்படவில்லை. மாறியது அரசின் முடிவு. ஆணையால் திறக்க முடிந்த கதவு, ஆணையால் மூடப்பட்டதுதான். ஆட்சியாளர் மனம் மாறித் தந்த சலுகை, மனம் மாறினால் போய்விடும் என்ற அச்சமும் இதனுள் இருக்கிறது. ஆகவேதான் இது உரிமையாக உறுதிப்பட வேண்டும் என்கிறோம்.

இதுவரை சொன்னதைக் கேட்டு மகிழ்ந்து தலையாட்டும் மேற்குலகுக்கும் நாம் சொல்ல வேண்டியது உண்டு. 2011 ஜூனில் ஈரான் பெண்கள் கால்பந்து அணி, ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் ஆட ஜோர்டானுக்குச் சென்றது. தலையை மறைத்திருந்ததால் ஆட்டமே ரத்தாகித் தோற்றதாக அறிவிக்கப்பட்டது. இங்கே தடை போட்டது ஃபிஃபாவின் விதி. ஜோர்டான் இளவரசர் அலீ பின் அல் ஹுசைன் உள்ளிட்டோர் போராடிய பிறகு 2014-இல்தான் அந்த விதி முழுதாக நீங்கியது. 2014 இஞ்சியோன் ஆசிய விளையாட்டில் கத்தார் பெண்கள் கூடைப்பந்து அணி ஹிஜாபைக் கழற்ற மறுத்து ஆட்டத்தை விட்டுக்கொடுத்தது. கூடைப்பந்து கூட்டமைப்பு தன் விதியைத் திருத்த 2017 ஆனது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் எல்லா நாட்டு வீராங்கனைகளும் ஹிஜாப் அணியலாம், போட்டியை நடத்திய பிரான்ஸின் வீராங்கனைகள் மட்டும் அணியக் கூடாது என்றானது. அந்நாட்டின் ஓட்ட வீராங்கனை சூன்கம்பா சில்லா தொடக்க விழாவில் தொப்பி அணிந்து வருவதற்கே பேச்சுவார்த்தை தேவைப்பட்டது.

தலையை மூடாவிட்டால் ஆடக் கூடாது என்கிறது ஓர் அரசு. மூடினால் ஆடக் கூடாது என்கிறது இன்னொன்று. இரண்டும் பெண்ணின் விருப்பத்தைக் கேட்பதில்லை. அவள் உடலைத் தங்கள் கொள்கைக்கான கொடிக்கம்பமாக்கிக்கொள்கின்றன. இரண்டின் விளைவும் ஒன்றே: அவள் களத்துக்கு வெளியே.

முஸ்லிம் பெண்கள் இதற்குத் தங்கள் கால்களால் பதில் சொல்லியிருக்கிறார்கள். 1984 லாஸ் ஏஞ்சலஸில் மொராக்கோவின் நவால் எல் முத்தவக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் தங்கம் வென்றார். 1992 பார்சிலோனாவில் 1,500 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்ற அல்ஜீரியாவின் ஹஸீபா பூல்மெர்கா, அரைக்கால் சட்டை அணிந்து ஓடியதற்காகத் தீவிரவாதிகளின் கொலை மிரட்டலைச் சந்தித்தார். தாயகத்தில் பாதுகாப்பில்லாமல் வெளிநாட்டில் பயிற்சி செய்தார். 2023 ஜூலையில் அடிலெய்டில் மொராக்கோ அணியின் நுஹைலா பென்ஸினா, பெண்கள் உலகக் கோப்பைக் கால்பந்தில் ஹிஜாபோடு ஆடிய முதல் வீராங்கனை ஆனார். பூல்மெர்காவின் உடை வேறு, பென்ஸினாவின் உடை வேறு. இருவரும் முஸ்லிம் பெண்கள். இருவரும் தாங்களே முடிவெடுத்தவர்கள். ஒருவரைப் போற்ற மற்றவரைத் தாழ்த்த வேண்டியதில்லை.

'இது எங்கள் சமூகத்தின் உள்விவகாரம், வெளியார் பேச வேண்டாம்' என்று ஒரு மறுப்பு வரும். முஸ்லிம்கள் மீது வெறுப்பைக் கக்குவதற்காகவே முஸ்லிம் பெண்ணின் விடுதலையைப் பேசும் கூட்டமும் உண்டு என்பதால் இந்த மறுப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் மெல்போர்னில் ஆடியவர்கள் யார்? ஆசாதி அரங்கின் வாசலில் நின்றவர்கள் யார்? அந்தச் சமூகத்தின் பெண்கள்தாம். உள்ளிருந்து எழுந்த குரலை வலுப்படுத்துவதே நாம் செய்வது. ஆப்கன் ஆண்கள் அணியின் ரஷீத் கான், 2024 டிசம்பரில் பெண்களுக்கான மருத்துவக் கல்வி முடக்கப்பட்டபோது, கல்விக்கு இஸ்லாம் தரும் இடத்தைச் சுட்டிக்காட்டியே அதை எதிர்த்தார். மார்க்கத்துக்குள் நின்று பேசும் இத்தகைய துணிவு இன்னும் பலரிடமிருந்து வர வேண்டும்.

நம் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. வடசென்னையில் ஆட்டோ ஓட்டுநரின் மகளாகப் பிறந்த காசிமா, 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்று திரும்பியபோது தமிழகமே கொண்டாடியது. கொண்டாடிய நாம் அடுத்த காசிமாவுக்கு என்ன வைத்திருக்கிறோம்? வயதுக்கு வந்ததும் பள்ளி மைதானத்திலிருந்து பெண்பிள்ளைகள் மறைந்துபோவது எல்லாச் சமூகங்களிலும் நடக்கிறது. முஸ்லிம் வீடுகளில் அதற்கு மார்க்கம் ஒரு காரணமாகச் சேர்க்கப்படுகிறது, அவ்வளவே. ஜமாஅத்துகள் நடத்தும் பள்ளி, கல்லூரிகளில் இடமும் பணமும் இருக்கின்றன. மாணவிகளுக்கென்று உள்ளரங்கம், பெண் பயிற்சியாளர், வாரத்தில் உறுதியான ஆட்ட நேரம் ஆகியவற்றை அவர்களால் இந்த ஆண்டே தர முடியும். ஜும்ஆ உரையில் ஆயிஷா (ரலி) ஓடிய செய்தியைச் சொல்லும் ஆலிம், உங்கள் மகள்களையும் ஓட விடுங்கள் என்று அடுத்த வாக்கியத்தைச் சேர்த்தால் போதும். எந்த அரசாணையும் செய்யாததை அது செய்யும். அரசும் மாவட்ட விளையாட்டரங்குகளில் பெண்களுக்கு மட்டுமான நேரத்தை ஒதுக்க வேண்டும். இதனால் பயன்பெறப்போவது முஸ்லிம் பெண்கள் மட்டுமல்ல.

சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலின் கடமை இன்னும் பெரிது. 2017-இல் ஆப்கானிஸ்தானுக்கு முழு உறுப்புரிமை வழங்கியது அது. முழு உறுப்பு நாடுகள் பெண்கள் கிரிக்கெட்டை வளர்க்க வேண்டும் என்பதும் அதன் விதியே. ஆண்கள் அணி 2024 இருபது ஓவர் உலகக் கோப்பையில் அரையிறுதி வரை சென்றது, உலகம் பாராட்டியது. பெண்கள் அணிக்கோ களமே இல்லை. 2025 ஏப்ரலில் அவர்களுக்காக ஒரு பணிக்குழுவையும் நிதியையும் கவுன்சில் அறிவித்தது. இந்தியா, இங்கிலாந்து, ஆஸ்திரேலிய வாரியங்கள் கைகோத்தன. வரவேற்கிறோம், ஆனால் உதவித்தொகை அங்கீகாரம் ஆகிவிடாது. அடுத்த மாதமே ஃபிஃபா, நாடிழந்த ஆப்கன் பெண்களுக்கென்று ஒரு கால்பந்து அணியை உருவாக்க ஒப்புதல் தந்தது. அந்த வழியில் கிரிக்கெட் கவுன்சிலும் இந்த வீராங்கனைகளை முறையான அணியாக ஏற்று, சர்வதேச ஆட்டங்களில் இறக்க வேண்டும். ஆப்கன் வாரியத்துக்குச் செல்லும் நிதியில் பெண்களுக்குரிய பங்கைப் பிரித்து அவர்களிடமே நேரடியாகச் சேர்க்க வேண்டும். கவுன்சிலில் இந்தியாவின் சொல்லுக்கு இருக்கும் எடை எல்லோரும் அறிந்தது. அந்த எடையை இந்தப் பெண்களின் பக்கம் வைக்க இந்திய வாரியம் தயங்கக் கூடாது. பிரான்ஸ் தன் வீராங்கனைகள் மீதான ஹிஜாப் தடையை நீக்க வேண்டும். ஈரான் எல்லா அரங்குகளையும் எல்லா ஆட்டங்களுக்கும் பெண்களுக்குத் திறக்க வேண்டும்.

என்ன உடுத்துவது, யார் முன் ஆடுவது, ஆடுவதா பார்ப்பதா என்பதை ஒரு முஸ்லிம் பெண் தன் நம்பிக்கையின்படி தானே முடிவு செய்வாள். அவளுக்கும் இறைவனுக்கும் இடையிலான அந்தக் கணக்கில் அரசுக்கும் காவலருக்கும் விளையாட்டுக் கூட்டமைப்புக்கும் இடமில்லை. களத்தைத் தருவது மட்டுமே அவர்கள் வேலை. அதைத் தர மறுப்பவர்கள் எந்த வேதத்தையும் எந்தக் கொள்கையையும் கேடயமாகப் பிடிக்க இனி அனுமதிக்கக் கூடாது.