வண்டி நின்றுவிட்டதா?

பள்ளிக்கூடப் பரிசோதனைச் சாலைகளில் பௌதிக மாணாக்கர் செய்து பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. மேஜைமீது சிறு சக்கர வண்டி. அதில் கட்டிய நூல் மேஜை விளிம்பிலுள்ள கப்பியின்மேல் சென்று, மறுமுனையில் ஓர் எடைக்கல்லைத் தாங்கி நிற்கிறது. பிடித்த கையை எடுத்ததும் கல் இறங்குகிறது, வண்டி ஓடுகிறது. குறுக்கே காலத்தையும் மேல்நோக்கி வேகத்தையும் குறித்துக் கோடு வரைந்தால், ஓட்டத்தின் கதை முழுவதையும் அந்தக் கோடு சொல்லிவிடும். அதைச் சரியாகப் படிப்பதில்தான் சங்கடம்!

வண்டி 900 கிராம், கல் 100 கிராம், கல்லுக்கும் தரைக்கும் இடையே 49 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். உராய்வைச் சற்றே மறந்துவிடுவோம். தடையின்றி விழும் பொருளின் வேகம் ஒவ்வொரு விநாடியும் சுமார் 980 சென்டிமீட்டர் கூடும். இங்கேயோ 100 கிராம் கல்லின் இழுப்பு, வண்டியும் கல்லுமாக 1000 கிராமை நகர்த்தியாக வேண்டும். ஆகவே, பத்தில் ஒரு பங்காகிய 98 சென்டிமீட்டரே கூடுகிறது. கோடு நேராக மேலேறுகிறது. ஒரு விநாடி முடிந்ததும் கல் தரையைத் தொடுகிறது, நூல் துவள்கிறது.

இனி இழுப்பார் இல்லை. கோடு ஏறுவதை நிறுத்திக் கிடையாகச் செல்கிறது. "வண்டி நின்றுவிட்டது" என்று மாணாக்கர் பலர் எழுதுவது இவ்விடத்தில்தான். கோடு இருக்கும் உயரத்தைக் கவனிக்க வேண்டாமா? வண்டி விநாடிக்கு 98 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது! நின்றது வேகத்தின் வளர்ச்சியே, வேகம் அன்று. வண்டி நின்றிருந்தால் கோடு அடிக்கோட்டோடு அல்லவா கிடக்கும்?

இதைச் சிறுபிள்ளைத் தவறு என்று நகைத்தல் வேண்டா. இழுப்பு நின்றால் ஓட்டமும் நிற்கும் என்றே அரிஸ்டாட்டில் போதித்தார். சாய்ந்த பலகையில் குண்டுகளை உருட்டி ஆராய்ந்த கலிலியோ, 1638-இல் வெளிவந்த நூலில் வேறு வழி காட்டினார். 1687-இல் நியூட்டன் அதனை முதல் விதியாக வகுத்தார். கிடையான அந்தக் கோடு அவ்விதிக்குச் சாட்சி.

உண்மைச் சோதனையில் கோடு சிறிது சிறிதாக இறங்கும். அது உராய்வின் வேலை. அதனால் வண்டி பின்னோக்கி வருகிறது என்று கொள்ளலாகாது. முன்னோக்கியே செல்கிறது, வேகம் குறைந்து. அடிக்கோட்டைக் கடந்து கீழே இறங்கினால்தான் திரும்பி வருவதாகப் பொருள்.

இன்னொரு விந்தை: கோட்டுக்கும் அடிக்கோட்டுக்கும் இடையிலுள்ள பரப்பே வண்டி சென்ற தூரம். ஏறும் பகுதி ஒரு முக்கோணம். 98-இல் பாதி 49. கல் இறங்கிய உயரமும் அதுவே! இழுப்பு நின்ற பின்னரோ, வண்டி அரை விநாடியில் மற்றோர் 49 சென்டிமீட்டரைக் கடந்துவிடுகிறது.

வீட்டில் பௌதிகம் பயிலும் குழந்தைகள் இருந்தால், சூத்திரத்தை ஒப்பிக்கச் சொல்ல வேண்டா. படத்தைக் காட்டி இரண்டே கேள்விகள் கேளுங்கள்: கோடு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது? எப்பக்கம் சாய்கிறது? முன்னது வேகம், பின்னது வேகத்தின் மாறுதல். இவ்விரண்டையும் பிரித்தறிந்த குழந்தை, அரிஸ்டாட்டிலைத் தாண்டி வந்துவிட்டது.