விட நினைப்பவரின் பக்கத்தில்

புகை உடம்புக்குக் கெடுதல் என்று புகைப்பவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டிய காலம் எப்போதோ முடிந்துவிட்டது. பெட்டியில் எச்சரிக்கைப் படம் இருக்கிறது. தியேட்டரில் சொல்கிறார்கள், வீட்டில் பிள்ளைகளும் சொல்கிறார்கள். 2016-17இல் நாடு முழுக்க நடந்த வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பில், புகைப்பவர்களில் 55.4 சதவீதம் பேர் விடத் திட்டமிட்டிருப்பதாகவோ, விடுவது பற்றி யோசிப்பதாகவோ சொல்லியிருக்கிறார்கள். வாயில் அடக்கும் புகையிலைக்காரர்களிலும் கிட்டத்தட்டப் பாதிப்பேர் அப்படித்தான். டீக்கடை வாசலில் பத்துப் பேர் நின்று தம் அடித்தால், அவர்களில் ஐந்தாறு பேருக்கு அதை விட்டுவிடும் எண்ணம் உள்ளுக்குள் இருக்கிறது என்று பொருள். நாம் அவர்களை அப்படிப் பார்ப்பதே இல்லை.

அதே கணக்கெடுப்பில் நமக்கு வருத்தமான செய்தி ஒன்றும் உண்டு. 2009-10உடன் ஒப்பிட, இந்தியா முழுவதிலும் புகையிலைப் பழக்கம் 34.6 சதவீதத்திலிருந்து 28.6 ஆகக் குறைந்திருந்தது. தமிழ்நாட்டிலோ 16.2 சதவீதம் 20 ஆக ஏறியிருந்தது. மருத்துவத்தில் முன்னே நிற்கும் மாநிலம் என்று பெருமைப்படுகிற நாம் இந்த எண்ணைப் பற்றிப் பெரிதாகப் பேசியதாக எனக்கு நினைவில்லை.

“மனசு வச்சா விட்டுரலாம்” என்கிறோம். விட முடியாதவனுக்கு மனசில்லை என்று அதற்குள் ஒரு தீர்ப்பும் இருக்கிறது. இந்தத் தீர்ப்பை நான் ஏற்கவில்லை. உள்ளே இழுத்த புகையிலுள்ள நிகோடின் பத்து இருபது விநாடிக்குள் மூளையைத் தொட்டுவிடுகிறது. ஒரு நாளில் எத்தனை முறை இழுக்கிறார்களோ அத்தனை முறையும் மூளைக்கு ஒரு சன்மானம். பல வருஷம் இப்படிப் பழகிய மூளை, திடீரென்று ஒருநாள் அது வரவில்லை என்றால் சும்மா இருக்காது. தூக்கம் கெடும், எரிச்சல் வரும், கவனம் நிற்காது, வாய் எதையாவது தேடும். முதல் மூன்று நாள் மிகவும் கடினம், பிறகு மூன்று நான்கு வாரத்தில் மெல்லத் தணியும். அந்த முதல் வாரத்தில் வீட்டில் சட்டி பானை உருளும். “நீங்க பேசாம ஒண்ண புடிச்சுத் தொலைங்க” என்று மனைவியே சொல்லிவிடுகிற வீடுகள் எனக்குத் தெரியும். எந்த உதவியும் இல்லாமல் விடப் பார்க்கிற நூறு பேரில் ஆறு மாதம், ஒரு வருஷம் கழித்தும் தொடாமல் இருப்பவர்கள் மூன்றிலிருந்து ஐந்து பேர்தான். மீதிப் பேர் அத்தனை பேரையும் மன உறுதி இல்லாதவர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

எங்கள் பகுதியில் ஒரு கொத்தனார். இருபது வருஷமாகப் பீடி. காசநோய் என்று தெரிந்து மாத்திரை தொடங்கியபோது, ஆரம்ப சுகாதார நிலையத்தில் பீடியையும் விடச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு மூன்று முறை விட்டு விட்டுப் பிடித்தார். பிறகு அவர் சொன்னது இது: “காலைல எந்திச்ச உடனே, சாப்பிட்ட கையோட, பதினோரு மணி டீக்கு. இந்த மூணு நேரந்தான் அண்ணாச்சி தாங்க முடியல. அதுலயும் அந்த டீ நேரம். எல்லாரும் பத்த வச்சு நிப்பாங்க, நான் மட்டும் எங்க போய் நிக்க?”

அவருக்கு வழி செய்தவர் வேலை எடுத்து நடத்தும் மேஸ்திரி. “ஏய், கொஞ்ச நாளைக்கு அவன் முன்னால யாரும் பத்த வைக்காதீங்கடே. இழுக்கணும்னா பின்பக்கம் போயிருங்க” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார். சித்தாள் பெண்களுக்கு இதில் சந்தோஷம், அவர்கள் பங்குக்கு யாராவது அசந்து மறந்து தீப்பெட்டியை எடுத்தால் சத்தம் போட்டார்கள். கொத்தனாருக்குத் தனியாகக் கடலை மிட்டாய் வாங்கி வைத்தார்கள். அவர் விட்டுவிட்டார். அவரோடு சேர்ந்து இன்னும் இரண்டு பேரும் விட்டிருக்கிறார்கள், அவர்களிடம் யாரும் விடச் சொல்லவே இல்லை.

அமெரிக்காவில் ஃபிராமிங்ஹாம் என்ற ஊரில் இருதய நோய் ஆய்வுக்காக மக்களைத் தலைமுறை தலைமுறையாகப் பின்தொடர்ந்து வருகிறார்கள். அந்த ஏடுகளில் 12,067 பேரின் உறவையும் நட்பையும் 1971 முதல் 2003 வரை கோத்துப் பார்த்து, கிறிஸ்டாகிஸ், ஃபவ்லர் என்ற இருவர் 2008இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கணவனோ மனைவியோ விட்டால் மற்றவர் புகைக்கும் வாய்ப்பு 67 சதவீதம் குறைகிறது. நண்பர் விட்டால் 36. சிறிய வேலையிடத்தில் உடன் வேலை செய்பவர் விட்டால் 34. கூடப் பிறந்தவர் விட்டால் 25. உடன்பிறந்தவரைவிட உடன் வேலை பார்ப்பவருக்குச் செல்வாக்கு அதிகம் என்பது எனக்குப் புதிதாக இருந்தது. டீ நேரத்தில் யார் பக்கத்தில் நிற்கிறார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால் ஆச்சரியமும் இல்லை. ஒருவரோடு ஒருவர் பழகுகிற கூட்டங்கள் கூட்டமாகவே விடுகின்றன என்பதுதான் அவர்கள் கண்டது.

அப்படியானால் ஒரு ஊரே முயன்றால் என்ன ஆகும்? கேரளத்தில் கோழிக்கோட்டுப் பக்கம் கூளிமாடு என்ற கிராமம் 1995 முதல் புகையிலை இல்லாத ஊர் என்று பேர் வாங்கியிருக்கிறது. நாகாலாந்தில் கரிஃபேமா 2014இல் அப்படி அறிவித்துக்கொண்டது. எனக்கு இவற்றைவிட நெருக்கமாகப் படுவது யாழ்ப்பாணம். புகையிலையே பணப்பயிராக இருந்த மண் அது. செம்மண் தோட்டத்தில் பயிராக்கி, பதப்படுத்தி, திருவிதாங்கூர் வரை கப்பலில் ஏற்றியவர்கள். யாழ்ப்பாணச் சுருட்டுக்கு இருந்த மவுசு நம் பாட்டன்மாருக்குத் தெரியும். அந்த மாவட்டத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் கடை கடையாக ஏறி இறங்கி, சிகரெட் விற்பதை வியாபாரிகள் தாமாகவே நிறுத்தும்படி பேசினார்கள். 2019இல் இலங்கை சுகாதார அமைச்சர், நாடு முழுவதும் 107 நகரங்களில் கடைக்காரர்கள் சிகரெட் விற்பனையைக் கைவிட்டிருப்பதாக அறிவித்தபோது, அதில் 22 நகரங்களோடு யாழ்ப்பாண மாவட்டமே முதலில் இருந்தது.

சட்டம் கட்டாயப்படுத்தி அவர்கள் இதைச் செய்யவில்லை. இலங்கைச் சட்டம் 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கத்தான் தடை போடுகிறது. வயது வந்தவருக்கு விற்று லாபம் பார்க்க அவர்களுக்கு முழு உரிமை இருந்தது. சிகரெட்டில் வரும் லாபம் போவதோடு, சிகரெட் வாங்க வருகிறவர் கூடவே வாங்கும் பிஸ்கட்டும் சோடாவும் போகும். தெரிந்தே விட்டுக்கொடுத்த அந்தக் கடைக்காரர்களை நான் மிகவும் மதிக்கிறேன்.

நம்மிடம் சட்டத்துக்குக் குறைவில்லை. 2003ஆம் ஆண்டுப் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருக்கிறது. பொது இடத்தில் புகைப்பதற்கான தடை 2008 அக்டோபர் 2 முதல் நாடு முழுதும் நடைமுறைக்கு வந்தது, மீறினால் 200 ரூபாய் வரை அபராதம். பள்ளி, கல்லூரியைச் சுற்றி நூறு கஜத்துக்குள் விற்கக் கூடாது. அந்த எல்லையை மஞ்சள் கோடு போட்டுக் காட்ட வேண்டும் என்று கல்வி நிலையங்களுக்கான வழிகாட்டுதல் சொல்கிறது. தடையுள்ள இடங்களில் சாம்பல் கிண்ணம், தீப்பெட்டி, லைட்டர் எதையும் எடுத்து வைக்கக் கூடாது என்பதும் விதி. ஆனால் பெட்டிக்கடைத் தூணில் நுனி கனன்றபடி ஒரு கயிறு தொங்குவதை இன்றைக்கும் எத்தனை ஊரில் பார்க்கிறோம்? குட்காவைத் தமிழ்நாடு 2013இலேயே தடை செய்துவிட்டது. இருந்தும் உதட்டுக்குள் ஒதுக்கிக்கொள்ளும் சிறு பொட்டலம் பள்ளிக்கூடப் பையன்கள் வரை வந்துவிட்டது. ஒவ்வொரு டீக்கடைக்கும் ஒரு போலீஸ்காரரை நிறுத்த முடியாது. “தம்பி, உனக்குத் தர மாட்டேன்” என்று சொல்லும் கடைக்காரர் ஒருவர் போதும்.

சமூகம் துணை நிற்க வேண்டும் என்பதற்கு மருத்துவ உதவி வேண்டாம் என்று அர்த்தம் இல்லை. அடையாறு புற்றுநோய் நிறுவனத்தில் 2002இலேயே புகையிலையை விட உதவும் மருத்துவமனைப் பிரிவு தொடங்கிவிட்டார்கள், நாட்டில் முதலில் வந்த பதின்மூன்றில் அது ஒன்று. இன்று பல அரசு மருத்துவமனைகளிலும் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் இப்படிப்பட்ட மையங்கள் இருக்கின்றன. பல் பிடுங்கத்தான் அங்கே போக வேண்டும் என்றில்லை. அங்கே அதட்ட மாட்டார்கள். எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் பீடி, எந்த நேரத்தில் ஆசை அதிகம், வீட்டில் வேறு யார் புகைக்கிறார்கள் என்று கேட்பார்கள். விடுவதற்கு ஒரு தேதி குறிக்கச் சொல்வார்கள். அந்தத் தேதிக்கு முன்பே வீட்டிலிருக்கும் பீடிக் கட்டையும் லைட்டரையும் அப்புறப்படுத்தச் சொல்வார்கள். ஆசை பொங்கி வரும்போது ஐந்து நிமிஷம் தள்ளிப்போடுவது, தண்ணீரை மெல்ல மெல்லக் குடிப்பது, மூச்சை ஆழ இழுத்து விடுவது, எழுந்து வேறு வேலையில் இறங்குவது என்று கற்றுத்தருவார்கள். அந்த வேகம் சில நிமிஷங்களில் தானாக அடங்கிவிடும் என்பது பலருக்குத் தெரியாது.

மருந்தும் உண்டு. நிகோடின் கம் மருந்துக்கடையில் கிடைக்கிறது. அதை வாங்கியவர்களில் பலர் சாதாரண சூயிங் கம் மாதிரி சரசரவென்று மென்றுவிட்டு, விக்கல் வருகிறது, தொண்டை எரிகிறது, வேலைக்காகவில்லை என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். மெதுவாகச் சில முறை மென்று, காரம் தெரிந்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வைக்க வேண்டும். காரம் போனதும் மறுபடி சில முறை மெல்ல வேண்டும். காபி, குளிர்பானம் குடித்த கையோடு போட்டால் நிகோடின் சரியாக உள்ளே இறங்காது, கால் மணி நேரமாவது விட வேண்டும். இந்தச் சின்ன விவரத்தை யாரும் சொல்லாததால் தோற்றுப்போனவர்கள் இருக்கிறார்கள். கர்ப்பிணிகளும் இருதய நோய் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

விட்டவர் மறுபடி ஒன்றைப் பிடித்துவிட்டால், “எனக்கு அப்பவே தெரியும்” என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். நிரந்தரமாக விட்டவர்களில் மிகப் பலர், விட்டும் பிடித்தும் பல முயற்சிக்குப் பிறகே விட்டவர்கள். ஒன்று பிடித்தால் எல்லாம் போயிற்று என்று அவர் நினைத்துவிடக் கூடாது, அடுத்த தேதியைக் குறிக்க வேண்டும். அந்த நேரத்துக் கேலி அவரை ஒளிந்து புகைக்க வைக்குமே தவிர, விட வைக்காது. புகையிலை போடும் ஆச்சிமாரையும் இங்கே மறக்கக் கூடாது. வெற்றிலைச் செல்லத்தில் இருப்பதை நாம் கெட்ட பழக்கம் என்று எண்ணுவதே இல்லை. வாய்ப் புற்றுநோய்க்கு அந்தப் பாகுபாடு கிடையாது.

இன்னொரு கூட்டத்தாரைச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடிப்பது நியாயமாகாது. ஆலங்குளம், கடையம், முக்கூடல், மேலப்பாளையம், வடக்கே குடியாத்தம் என்று திண்ணை திண்ணையாக மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றும் பெண்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று வாங்கும் அந்தக் கூலியில்தான் பிள்ளைகளின் படிப்பும் மகளின் கல்யாணமும் நடந்தன. நாள் முழுக்கப் புகையிலைத் தூசியைச் சுவாசிப்பவர்களும் அவர்களே. புகையிலையை ஒழிப்போம் என்று மேடையில் முழங்குகிறவர்கள், அந்தத் தட்டை இறக்கி வைத்தபின் அவர்கள் செய்வதற்கு என்ன வேலை என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாத இயக்கத்தை எங்கள் பக்கத்துப் பெண்கள் நம்ப மாட்டார்கள், நம்பவும் கூடாது.

கடைசியாக ஒரு சின்னக் காரியம், எந்த ஊரும் இந்த வாரமே செய்யக்கூடியது. புகையிலையை விட விரும்புவோருக்கான இலவச தேசியத் தொலைபேசி உதவி 2016இல் தொடங்கியது. 2018 முதல் பெங்களூரு நிம்ஹான்ஸ் வழியாகத் தமிழிலும் பேசுகிறார்கள். ஒருமுறை அழைத்துப் பதிந்துகொண்டால், அடுத்த நாட்களில் அவர்களே கூப்பிட்டு எப்படி இருக்கிறீர்கள் என்று விசாரிப்பார்கள். 2018 செப்டம்பர் முதல் அந்த எண் எல்லாப் பெட்டியிலும் அச்சாகிறது. ஆனால் கூலிக்காரர் பெட்டியாக வாங்குவதில்லை. ஒன்று இரண்டாக உதிரியில் வாங்குகிறார், பெட்டி கடைக்காரரிடமே இருந்துவிடுகிறது. எச்சரிக்கைப் படமும் அந்த எண்ணும் அதிகம் தேவைப்படுகிறவர் கண்ணில் படாமலே போகின்றன. மகாராஷ்டிரம் 2020இல் உதிரி விற்பனையையே தடை செய்தது, இங்கும் அது நடக்கும்போது நடக்கட்டும். அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் ஊர் டீக்கடையில், பஸ் ஸ்டாண்டில், ரேஷன் கடையில், கட்டட வேலை நடக்கும் இடத்தில், உரியவரிடம் கேட்டுக்கொண்டு, நாலு பேர் கண்ணில் படும்படி பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்: புகையிலையை விட இலவச உதவி, 1800-11-2356.