கந்தை தைக்க எந்த இயந்திரம்?

பழைய பருத்திச் சேலைகளை அடுக்கிப் போர்வையோ விரிப்போ தைக்கலாம் என்று எண்ணி நாகர்கோவிலில் தையல் இயந்திரக் கடை ஒன்றுக்குள் நுழையும் பெண்ணுக்கு முதலில் சொல்லப்படுவது ஓர் எண்ணிக்கை. இத்தனை வகைத் தையல், இத்தனை பூவேலை, பெயரெழுத இத்தனை எழுத்துரு. வாங்குகிறவர் தைக்கப்போவது நேர்த்தையல் ஒன்றைத்தான் என்பது கடைக்காரருக்கும் தெரியும். ஆயினும் இருநூறு தையல் கொண்ட இயந்திரத்தின் முன் நேர்த்தையல் மட்டுமே அறிந்த கறுப்பு மெஷின் ஏதோ குறைப்பிறவி போலக் காட்சி தருகிறது. என் தரப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் ஊர்க் கந்தைக்கு, பல வீடுகளில் செடித்தொட்டி தாங்கி நிற்கும் அந்தக் காலால் மிதிக்கும் மெஷினே பொருத்தமானது.

கந்தை என்ற சொல்லைக் கூச்சமின்றிப் பயன்படுத்துகிறேன். வங்காளத்தில் காந்தா என்று பெயர்பெற்று விலையேறிப்போன கைவேலையும் இதே சொல்லின் வழி வந்ததுதான். கர்நாடகத்துச் சித்திப் பெண்கள் தைக்கும் கவந்தியும், அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து ஜீஸ் பெண்ட் கறுப்பினப் பெண்கள் உழைத்துத் தேய்ந்த உடைகளிலிருந்து தைத்த போர்வைகளும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஜீஸ் பெண்ட் போர்வைகள் 2002 இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகச் சுவரில் தொங்கியபோது கலை விமரிசகர்கள் நவீன ஓவியத்தோடு அவற்றை ஒப்பிட்டுப் பேசினார்கள். நம்மிடம் கந்தல் இன்னும் வசைச்சொல்தான்.

இந்தக் குடும்பத்துக்குள்ளும் தட்பவெப்பம் பெரிய வேறுபாடு செய்கிறது. இயந்திரம் தேர்வதைப் பற்றி இணையத்திலும் நூல்களிலும் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பகுதி குளிர்நாட்டாரின் அறிவுரை. அவர்களுடைய போர்வைக்கு நடுவே தடித்த பஞ்சுப்படலம் உண்டு. அகலம் இரண்டரை மீட்டர் வரை போகும். அதில் பாதியைச் சுருட்டி, ஊசிக்கும் வலப்பக்கத் தூணுக்கும் இடையிலுள்ள வெளியில் நுழைத்தாக வேண்டும். சாதாரண வீட்டு இயந்திரத்தில் அந்த வெளி ஆறு ஏழு அங்குலம்தான். ஆகவே ஒன்பது பதினோரு அங்குல வெளி உள்ள பெரிய இயந்திரத்தை அவர்கள் தேடுவதில் நியாயம் உண்டு. நாஞ்சில் நாட்டில் இரண்டு பருவமழையும் பெய்யும் ஆண்டிலும் பஞ்சு வைத்த போர்வையை யார் போர்த்துவது? நமக்கு வேண்டியது மூன்றடுக்குப் பருத்தி. ஐந்தரை மீட்டர் சேலையை மூன்றாக மடித்தால் ஏறத்தாழ ஆறடி நீளமும் நாலடிக்குச் சற்றுக் குறைந்த அகலமும் வரும். ஒற்றைக் கட்டிலுக்கு ஒரு சேலை, கணக்கு முடிந்தது. நைந்த சேலையின் மூன்றடுக்கில் பாதி அகலத்தைச் சுருட்டினால் புட்டுக்குழல் பருமன்கூட வராது. ஆறு அங்குல வெளியில் அது தாராளமாகப் புகுந்து புறப்படும்.

அடுக்குத் தையலில் உண்மையான சிக்கல் வேறு. இயந்திரத்தின் அடியிலுள்ள பற்கள் கீழ்த்துணியை மட்டும் பிடித்து நகர்த்துகின்றன. மேல்துணியை ஒரு பாதம் அழுத்திக்கொண்டிருக்கிறது. விளைவாக அடியடுக்கு முந்த, மேலடுக்கு பிந்த, நாலடி தைத்து முடிக்கும்போது ஓரத்தில் ஒரு சுருக்கம் விழுந்திருக்கும். இதைத் தீர்க்க மூன்று வழிகள். பாதத்தின் அழுத்தத்தைக் குறைக்கும் திருகு பழைய கறுப்பு மெஷின்களில் தலைக்கு மேலேயே இருக்கிறது; பலர் அதைத் தொட்டதே இல்லை. அடுத்து, வாக்கிங் ஃபுட் என்னும் துணைப்பாதம். தனக்கென்று பற்கள் கொண்டு மேலடுக்கையும் கூடவே நடத்திச் செல்வது. இவ்வகை மெஷின்களுக்குப் பொருந்துவதாகவே அது கிடைக்கிறது. மூன்றாவது வழிக்குச் செலவே இல்லை. தைப்பதற்கு முன் ஒரு சாண் இடைவெளியில் கையால் நீளநீளமாக ஓட்டுத்தையல் போட்டுவைப்பது.

இன்னொரு நுட்பம் உண்டு. நேர்த்தையல் மட்டுமே போடும் மெஷினின் தகட்டில் ஊசி இறங்க ஒரு சிறு துளை மாத்திரமே இருக்கும். வளைதையல் போடும் மெஷினில் ஊசி இருபுறமும் அசைவதற்காக நீண்ட பிளவு. நைந்த பருத்தியை ஊசி குத்தும்போது அந்தப் பிளவுக்குள் துணி அமுங்கித் தையல் கோணுகிறது. சிறு துளையில் அமுங்க இடமில்லை. துண்டுகளை ஒட்டுப்போடும்போது இந்த நேர்மையின் அருமை தெரியும். ஓர் இணைப்பில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் இருபது இணைப்பில் இரண்டு சென்டிமீட்டர் கோணல். குறைப்பிறவி என்று ஒதுக்கப்படும் மெஷின் இந்த ஒரு காரியத்தில் பெரியவர்களை வென்றுவிடுகிறது.

இது பணத்தைப் பற்றிய விஷயமும்கூட. எனக்கு அதுவே முக்கியம். இம்மாவட்டத்தில் ஊசிவேலை வெறும் பொழுதுபோக்காக இருந்ததில்லை. லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் 1820களின் தொடக்கத்தில் நாகர்கோவில் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அடிமைப்பட்டிருந்த பெண்கள் சிலர் அந்த வருமானத்தைக்கொண்டே தம் விடுதலையை வாங்கினார்கள் என்று மிஷன் பதிவுகள் சொல்கின்றன. 1859 வரை நீண்ட தோள்சீலைப் போராட்டத்தின் நடுவில் இருந்ததும் தைத்த ஒரு குப்பாயம்தான். 1897 இல் முளகுமூடுக்கு வந்த பெல்ஜியத் துறவி மேரி லூயிஸ் தெ மீஸ்டரும் அநாதைச் சிறுமிகளுக்கு லேஸ் வேலையைத்தான் கைத்தொழிலாக்கினார். லேஸுக்கு வேண்டிய கருவிகள் ஒரு திண்டு, சில குண்டூசிகள், நூல் சுற்றிய சிறு கட்டைகள். கருவிக்காக யாரும் கடன்படவில்லை. வந்த காசு கையில் நின்றதற்கு அது ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

எல்லா இயந்திரங்களுக்கும் நீங்கள் எதிரியா என்று 1924 இல் தில்லியில் காந்தியிடம் கேட்டவர், பின்னாளில் சௌந்தரத்துடன் சேர்ந்து காந்திகிராமத்தை நிறுவிய ஜி. ராமச்சந்திரன். அப்போது சாந்திநிகேதன் மாணவர். காந்தி தாமாகவே விலக்களித்துச் சொன்ன இயந்திரம் சிங்கர் தையல் மெஷின். மனைவி கையால் தைத்து அல்லாடுவதைக் கண்டு அன்பினால் சிங்கர் அதை உருவாக்கினார் என்று அவர் நம்பினார். ஐசக் சிங்கரின் இல்லற வரலாறு அப்படிச் சிலாகிக்கத் தக்கதல்ல. ஒரே காலத்தில் பல குடும்பங்கள் நடத்திய மனிதர். 1850களிலேயே தவணை முறையில் மெஷின் விற்கத் தொடங்கிய நிறுவனமும் அவருடையதுதான். காந்தியின் கதை பிழையானாலும் அவர் கேட்ட கேள்வி பிழையல்ல. இயந்திரம் மனிதருக்கு உழைக்கிறதா, மனிதர் இயந்திரத்துக்கு உழைக்கிறாரா?

தவணையில் கணினி மெஷின் வாங்கிய பெண், தவணை கட்டுவதற்காகவே தைக்க வேண்டியதாகிறது. பழைய சேலை விரிப்பைத் தைத்து விற்றால் முதல் ஆண்டில் என்ன மிஞ்சும் என்று யாராவது அவளுக்குக் கணக்குப் போட்டுக் காட்டினார்களா? குளச்சல், முட்டம் பக்கம் உப்புக்காற்று வேறு. இரும்பு துருப்பிடித்தால் எண்ணெயும் மண்ணெண்ணெயும் கொண்டு மீட்டுவிடலாம். மின்னணுப் பலகை கெட்டால் வெளியூருக்கு அனுப்பிவிட்டுக் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. உஷா போன்ற பழைய மாதிரிகளுக்கு ஷட்டிலும் பாபினும் ஊசியும் சிற்றூர்க் கடைகளிலும் கிடைக்கின்றன.

மூட்டுவலி உள்ளவர்களை மிதிக்கச் சொல்வது கொடுமை. அதே மெஷினில் சிறு மோட்டார் பொருத்திக்கொள்ளலாம். மின்சாரம் போனால் தோல்வாரை மாட்டி மறுபடி மிதிக்கலாம். நிறைய ஆர்டர் எடுப்பவர்கள் திருப்பூர்ப் பனியன் கம்பெனி பாணித் தொழிற்சாலை மெஷினை நாடுவார்கள். அதில் கை நுழைய இடம் அதிகம், நேர்த்தையலும் உத்தமம். ஆனால் நிமிடத்துக்கு ஐயாயிரம் தையல் ஓடக்கூடிய அதைப் புதியவர் கையில் கொடுப்பது முரட்டுக் காளையை வண்டியில் பூட்டுவதுபோல. வேகத்தைக் கட்டுப்படுத்தக்கூடிய சர்வோ மோட்டார் இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

புதிதோ பழையதோ, வாங்கப் போகும்போது கையில் ஒரு பழைய சேலைத் துண்டை எடுத்துச்செல்லுங்கள். கடையில் சோதித்துக் காட்டத் தரும் விறைப்பான புதுத்துணியில் எந்த மெஷினும் அழகாகத்தான் தைக்கும். உங்கள் துண்டை ஆறாக மடித்துப் பதினாறாம் எண் ஊசியில் ஒரு சாண் தைத்துப் பாருங்கள். பிறகு திருப்பிப் பின்புறத்தைப் பாருங்கள். மேல்நூலும் கீழ்நூலும் துணியின் நடுவே முடிச்சிட்டிருக்க வேண்டும். எந்தப் பக்கமும் நூல் கண்ணிகளாக இழுபட்டுத் தெரியக்கூடாது. சக்கரத்தைக் கையால் சுற்றி ஒவ்வொரு தையலாக இறக்கும்போது தடங்கல் இல்லாமல் இறங்குகிறதா என்றும் கவனியுங்கள். நாட்பட்ட எண்ணெய் கெட்டியாகியிருந்தால் அங்கேதான் தெரியும். அதற்காக மட்டும் ஒரு பழைய மெஷினை வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டாம். துடைத்துப் புது எண்ணெய் விட்டு ஓரிரவு வைத்தால் பெரும்பாலும் இளகிவிடும்.