பள்ளிச் சிறார் பரிசோதனையில் கவனக்குறைவு மிகைச்செயல் குறைபாட்டையும் கண்டறியக் கோரும் மனு

பெறுநர்: மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்

பார்வை: இச்சங்கத்தின் முந்தைய மனுக்களும் நினைவூட்டுக் கடிதங்களும்

மேற்படி குறைபாடுள்ள பிள்ளைகளின் பெற்றோர் சங்கம் சார்பில் இம்மனு பணிந்து அளிக்கப்படுகிறது.

பார்வையில் கண்ட மனுக்கள் யாவும் ஒன்றையே கேட்டன. அவற்றுக்கு ஒப்புகைச் சீட்டும், "தக்க நடவடிக்கைக்காக அனுப்பலாகிறது" என்ற ஒற்றை வரியும் வந்தனவேயன்றி, அந்த நடவடிக்கை யாது என்பது இன்றுவரை தெரிவிக்கப்படாததால், அதே கோரிக்கை மீண்டும் விரித்துரைக்கப்படுகிறது.

கவனம் ஓரிடத்தில் நிலைக்காமை, இருப்புக்கொள்ளாத துறுதுறுப்பு, விளைவை எண்ணாமல் சட்டெனச் செயல்படுதல் ஆகியவை 12 வயதுக்கு முன்பே தலைகாட்டி, வீடு, பள்ளி என இரண்டு இடங்களிலாவது பிள்ளையின் அன்றாடத்தைக் குலைக்குமானால் அது கவனக்குறைவு மிகைச்செயல் குறைபாடு (ஏ.டி.எச்.டி.) எனப்படுகிறது. இதற்கும் இளமையிலேயே பற்றும் குடிநோய்க்கும், அதாவது குடியை விட உடலும் மனமும் இடங்கொடாத நிலைக்கும், உள்ள தொடர்பைப் பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் 2008-இலேயே இந்திய மனநல மருத்துவ இதழில் எழுதியுள்ளனர். இக்குறைபாடுள்ள பிள்ளைகள் அனைவரும் குடிநோயாளிகள் ஆவர் என்று எவரும் சொல்லவில்லை (அப்படிப் படித்துக்கொண்டு முத்திரை குத்துவோரும் உண்டு). சண்டை, பொய், பள்ளிக்கு மட்டம் போடுதல் எனத் தொடரும் நடத்தைக் கோளாறு உடன்சேரும்போது ஆபத்து பெரிதும் கூடுகிறது, அதற்கு முன்பே கண்டறியப்பட வேண்டும் என்பதே சங்கத்தின் வாதம்.

இதற்குப் புதிய விதி எதுவும் தேவையில்லை. 2013-இல் தொடங்கப்பட்ட ஆர்.பி.எஸ்.கே. எனும் தேசியச் சிறார் நலத் திட்டம், பிறப்பு முதல் 18 வயது வரை கண்டறிய வேண்டிய 30 நிலைகளைப் பட்டியலிடுகிறது, அப்பட்டியலில் ஏ.டி.எச்.டி. பெயர் சொல்லியே இடம்பெற்றுள்ளது. நடைமுறையிலோ, நடமாடும் மருத்துவக் குழு வரும் நாளில் எடைப் பொறியும் கண்பார்வை அட்டையும் வகுப்பறைக்கு வருகின்றன, பல்லும் தோலும் பார்க்கப்படுகின்றன; வகுப்பாசிரியரிடம் ஒரு கேள்வியும் கேட்கப்படாமலே நடத்தைக்கான கட்டத்தில் "இல்லை" என்று குறிக்கப்படுகிறது. புதியவர் முன் சில நிமிடம் கைகட்டி நிற்கும் பிள்ளையிடம் இக்குறைபாடு தென்படாமல் போகலாம். ஆண்டு முழுவதும் உடனிருப்பவருக்கே அது தெரியும். இப்படி விடுபட்ட பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் தேறாமல் நின்று, வேலைக்குப் போன இடத்தில் கூலியோடு குடியும் பழகி, 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கக் கூடாது என்ற விதி ஒருபுறம் இருக்க எப்படியோ வாங்கிக் குடித்து, கடைசியில் மது மீட்புப் பிரிவில் சேர்க்கப்படும்போது, எத்தனை ஆண்டாகக் குடி என்று கேட்கிறார்கள். வகுப்பில் எப்படி இருந்தான் என்று அங்கும் கேட்பதில்லை.

ஆகவே, முதல் வகுப்பு தொடங்கி ஒவ்வொரு பரிசோதனையிலும் ஆசிரியர், பெற்றோர் இருவரின் மதிப்பீடும் எழுத்தில் பெறப்பட வேண்டும். ஐயத்துக்குரியோர் மாவட்ட இடையீட்டுச் சேவை மையத்துக்கு அனுப்பப்பட்டு, பள்ளியை விட்டு நின்றாலும் 18 வயது வரை தொடர்ந்து கவனிக்கப்பட வேண்டும். மது மீட்புப் பிரிவுகளில் சேரும் இளைஞர் ஒவ்வொருவரிடமும் சிறுவயது வரலாறு கேட்டுப் பதியப்பட வேண்டும்.

மேலும், ஆசிரியர் பயிற்சியில் இதற்கென ஒரு பாடவேளை ஒதுக்கவும், தமிழில் துண்டறிக்கை அச்சிடவும், மாவட்டக் கூட்டங்களுக்குச் சங்கப் பிரதிநிதி ஒருவரை அழைக்கவும், இம்மனுவின் மீது எடுக்கப்படும் நடவடிக்கையைப் பொறுப்பு அலுவலரின் பதவிப்பெயருடன் எழுத்துமூலம் தெரிவிக்கவும் ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.

செயலாளர்