சாவி யாரிடம் இருக்கிறது?

கடந்த வாரம் ஒரு பகல் முழுவதும் நமது தளம் யாருக்கும் திறக்கவில்லை. அன்று காலைதான் உண்மை அறியும் குழுவின் அறிக்கை ஒன்றை வெளியிட்டிருந்தோம். இணைப்பைத் தொட்டவர்களுக்கு அனுமதி மறுக்கப்பட்டது என்ற ஒற்றை வரிதான் கிடைத்தது. மிரட்டல்களுக்குப் பழகிய நாம் உடனே தாக்குதல் என்று நினைத்தோம். தோழர்கள் சிலர் கண்டன அறிக்கையே எழுதத் தொடங்கிவிட்டார்கள். ஆனால் கதவைச் சாத்தியது எதிரி அல்ல. நாமே நிறுவிய பாதுகாப்பு பிளகின்.

நமது தளம் வேர்ட்பிரஸ்ஸில் இயங்குகிறது. ஒரே ஐபி முகவரியிலிருந்து தவறான கடவுச்சொல் பலமுறை வந்தால், அந்த முகவரியை முழுவதுமாகத் தடுக்கும்படி பிளகினை அமைத்திருந்தோம். இதற்கிடையே ஹோஸ்டிங் நிறுவனம் தன் சர்வர்களுக்கு முன்னால் ஒரு பிராக்ஸியை வைத்தது. அதன்பின் எல்லா வாசகர்களும் அதன் வழியாகவே வந்தார்கள். மதுரையிலிருந்து வருபவரும் மலேசியாவிலிருந்து வருபவரும் பிளகினின் கண்ணுக்கு ஒரே முகவரி. கடவுச்சொல்லை ஊகித்துப் பார்க்கும் தானியங்கி நிரல் ஒன்று வந்தது. அதற்குப் போட்ட தடை எல்லோர் மீதும் விழுந்தது. நிர்வாகிகளும் வெளியே நின்றோம்.

ஹோஸ்டிங் கணக்கின் வழியே கோப்புகளுக்குள் போய், பிளகின் ஃபோல்டரின் பெயரை மாற்றியதும் தளம் திறந்தது. ஆனால் பிளகினை அணைத்து வைப்பது தீர்வல்ல. வாசகரின் உண்மையான முகவரியைப் பிராக்ஸி ஒரு ஹெடரில் அனுப்புகிறது. அதைப் படிக்கும்படி பிளகினுக்குச் சொல்ல வேண்டும். அந்த ஹெடரை யார் வேண்டுமானாலும் போலியாக எழுதி அனுப்பலாம் என்பதால், ஹோஸ்டிங் நிறுவனத்தின் பிராக்ஸியிடமிருந்து வந்தால் மட்டுமே நம்பும்படி அமைக்க வேண்டும்.

இதே வகையில் இன்னொரு சிக்கலும் உண்டு. சில பிளகின்கள் தங்கள் ஃபயர்வால் கோப்பின் முழுப் பாதையை பிஎச்பி அமைப்புக் கோப்பில் எழுதி வைக்கின்றன. தளம் வேறு சர்வருக்கு மாறிப் பாதையும் மாறினால், தளமே நின்றுவிடும். அந்த வரியைத் திருத்திய பிறகும் ஐந்து நிமிடம்வரை காத்திருக்க வேண்டியிருக்கலாம். பிஎச்பி அந்தக் கோப்பை இயல்பாக 300 விநாடிகளுக்கு ஒருமுறைதான் மீண்டும் படிக்கும்.

இவை எல்லாம் தொழில்நுட்பம். நமது தவறு வேறு இடத்தில் இருக்கிறது. மாற்றம் வரப்போகிறது என்று ஹோஸ்டிங் நிறுவனம் முன்கூட்டியே மின்னஞ்சல் அனுப்பியிருந்தது. அது ஒரே ஒரு தோழரின் பெட்டிக்குப் போனது. வேலை காரணமாக அவர் ஒதுங்கிப் பல மாதங்கள் ஆகின்றன. கடவுச்சொற்களும் அமைப்புகளும் அவருக்கு மட்டுமே தெரியும். அவரைக் குறை சொல்ல எதுவுமில்லை. ஆண்டுக்கணக்கில் தனியாகச் சுமந்தவர் அவர். கற்றுக்கொள்ளாமல் இருந்தது மற்ற நாம்தான். அறிவு சிலர் கையில் குவிவதை எதிர்த்து எழுதுகிற நாம், நமது வீட்டுச் சாவியை ஒருவர் கையில் விட்டிருந்தோம்.

இப்போது மூன்று தோழர்களிடம் சாவி இருக்கிறது. நிறுவனத்தின் அறிவிப்புகள் பொதுப் பெட்டிக்கு வருகின்றன. எந்த அமைப்பு எதற்காக என்பதை எளிய தமிழில் ஒரு தாளில் எழுதியிருக்கிறோம். மாதம் ஒருமுறை தளத்தின் முழு நகலை எடுத்து வேறிடத்தில் வைக்கிறோம். ஹோஸ்டிங்கில் மாற்றம் என்று தகவல் வந்தால், அன்றே இரண்டு வெவ்வேறு இணைப்புகளிலிருந்து தளத்தைத் திறந்து பார்க்கிறோம்.

தளம் நடத்தும் தோழர்களே, உங்கள் சாவி யாரிடம் இருக்கிறது என்று இன்றே கேளுங்கள். ஒரே பெயர் பதிலாக வந்தால், இந்த வாரமே இன்னும் இருவரை அவர் பக்கத்தில் உட்காரவையுங்கள்.