அருளரின் மகளா, கலாவின் மகளா?

எம்.ஐ.ஏ. என்று உலகம் அறிந்த மாயா அருள்பிரகாசம், 2005இல் வெளிவந்த தமது முதல் இசைத்தொகுப்புக்குத் தந்தையின் பெயரைச் சூட்டினார்: ‘அருளர்’. 2007இல் வந்த இரண்டாவது தொகுப்புக்குத் தாயின் பெயர்: ‘கலா’. முதலாவது பெயரைப் பற்றி நம்மவர்கள் நிறையவே எழுதிவிட்டார்கள். இரண்டாவதைப் பற்றி யாழ்ப்பாணத்தில் உருப்படியான ஒரு பத்தியை நான் இன்றுவரை வாசித்ததில்லை.

காரணம் வெளிப்படை. அருளர் ஈரோஸ் இயக்கத்தின் நிறுவனர்களுள் ஒருவர். 1977 கலவரத்தின்போது அகதிகளைக் கொழும்பிலிருந்து காங்கேசன்துறைக்கு ஏற்றிவந்த கப்பலை வைத்து ‘லங்காராணி’ நாவலை எழுதியவர். 2019இல் மறைந்தார். அவருக்குரிய இடத்தை நான் மறுக்கவில்லை. தகப்பனின் பெயரைக் கண்டால் வரலாறு, தாயின் பெயரைக் கண்டால் வீட்டுக்கதை என்று தரம்பிரிக்கும் நமது பழக்கத்தோடுதான் எனக்குச் சண்டை.

மாயா 1975இல் இலண்டனில் பிறந்து, ஆறுமாதக் குழந்தையாக யாழ்ப்பாணம் வந்தவர். தந்தை இயக்க வேலைகளில் மறைந்து திரிந்த காலத்தில், மூன்று பிள்ளைகளையும் யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் காப்பாற்றி, 1986இல் அகதியாக இலண்டனுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்து, துணி தைத்து வளர்த்தவர் கலா. முதல் தொகுப்பு ஆண்தன்மை கொண்டது, இரண்டாவது தாயின் போராட்டத்தைச் சொல்வது என்று மாயாவே விளக்கியிருக்கிறார். நாம்தாம் காதில் வாங்கவில்லை.

“அது பாட்டா? வெறும் சத்தம்” என்பாரும் உளர். அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறதென்று பார்ப்போம். ‘கலா’வின் முதற் பாடலில் இளையராஜா ‘தளபதி’ (1991) படத்துக்கு இசையமைத்த ‘காட்டுக்குயிலு’ ஒலிக்கிறது. வேறு பாடல்களில் சென்னையில் பதிவான உறுமி அதிர்கிறது. உலகெங்கும் ஒலித்த ‘பேப்பர் பிளேன்ஸ்’ பாடலின் அடித்தளம், பிரித்தானிய றொக் இசைக்குழுவான ‘த கிளாஷ்’ 1982இல் ‘கொம்பட் றொக்’ தொகுப்பில் வெளியிட்ட ‘ஸ்ட்ரெய்ட் டு ஹெல்’ பாடலினுடையது. இங்கிலாந்தில் எவரும் விரும்பாத குடியேறிகளையும், அமெரிக்கப் படையினர் வியட்நாமில் பெற்று விட்டுச்சென்ற பிள்ளைகளையும் பற்றிய பாடல் அது. தந்தையரைத் தேடும் அந்தப் பிள்ளைகளின் பாடல்மீதுதான், குடியேறி என்றாலே கள்ள விசாக்காரர், காசு பறிப்பவர் என்று கருதுவோரைக் கேலிசெய்யும் தமது பாடலைக் கலாவின் மகள் கட்டியிருக்கிறார். 2009இல் கிராமியின் ‘ஆண்டின் சிறந்த ஒலிப்பதிவு’ விருதுக்கு அது பரிந்துரைக்கப்பட்டது. அவ்வாண்டு பெப்ரவரியில் நிறைமாதக் கர்ப்பிணியாக அவர் அந்த விழா மேடையில் பாடினார்.

இதில் அரசியல் இல்லையென்று சொல்பவர், அரசியல் என்றால் ஆயுதமும் அறிக்கையும் மட்டுமே என்று நம்புபவராக இருக்கவேண்டும். பிள்ளைகளுக்குச் சோறும் கடவுச்சீட்டும் தேடி அலைந்த பெண்களுக்கு அந்த நம்பிக்கை கட்டுப்படியாகாது. இயக்கங்களின் வரலாறு, தலைவர்களின் வரலாறு, பிளவுகளின் வரலாறு என்று நம்மிடம் புத்தகங்கள் உண்டு. அந்த ஆண்டுகளில் வீடுகளைத் தாங்கிநின்றவர்களின் வரலாற்றுக்கு எத்தனை பக்கம் ஒதுக்கினோம்?

‘லங்காராணி’யைத் திரும்பவும் படியுங்கள், வேண்டாமென்று சொல்லமாட்டேன். அதே நேரம், அந்தக் கப்பலில் கைக்குழந்தையோடு காங்கேசன்துறையில் வந்திறங்கிய தாய்மாரிடமும் போய்க் கேட்டு எழுதிவையுங்கள். அன்று முப்பது வயதாயிருந்தவருக்கு இன்று எண்பதை நெருங்குகிறது. இன்னும் பத்தாண்டு கழித்துக் கேட்கலாம் என்றால், பதில் சொல்ல அவர்கள் இருக்கமாட்டார்கள்.