நாட்டமில்லாதவர் யார்?

தோட்டத்துப் பெற்றோருக்குக் கல்வியில் நாட்டமில்லையாம்! மாத்தளை மாவட்டத்தில் ரத்தோட்டை, எல்கடுவை, கந்தேனுவரைப் பக்கத்துப் பிள்ளைகள் பள்ளியை இடையில் விட்டு நிற்பதைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், படித்த மனிதர் பலர் கூசாமல் பாடும் பல்லவி இதுதான். நாட்டமில்லாதவர் யார் என்பதைச் சரித்திரத்திடமே கேட்போம்.

மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழி நடந்து வந்தவர்களுக்கு மாத்தளையே மலைநாட்டின் தலைவாசல். அவர்கள் கோப்பி நட்டு அறுபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பின்னரே, 1907இல், அவர்தம் பிள்ளைகளுக்கென ஒரு சட்டம் பிறந்தது. ஆறு வயது முதல் பத்து வயது வரை எழுத்தறிவிக்க வேண்டுமாம். அப்பொறுப்பும் தோட்டத் துரையினுடையதாம்! பத்து வயதோடு படிப்புப் போதும் என்று கணக்கிட்டவர்கள் தொழிலாளரா? பிள்ளை பள்ளிக்குப் போனால் கொழுந்துக்குக் கை குறையும் என்றிருந்தவனிடமே பள்ளிக்கூடத்தின் சாவி கொடுக்கப்பட்டது. பாலுக்குப் பூனை காவல்! ஓர் அறை, ஒரு வாத்தியார், எல்லா வகுப்புகளும் அதற்குள்ளே. பல இடங்களில் அந்த வாத்தியாரே தோட்டத்துக் கணக்கும் எழுதினார்.

1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தது. பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை இலவசம் என்றார்கள். ஐந்தாம் வகுப்போடு கதவு சாத்தப்பட்டவனுக்குப் பல்கலைக்கழகம் இலவசமாயிருந்தென்ன, விலைக்கிருந்தென்ன? தோட்டப் பாடசாலைகளை அரசு ஏற்பதற்கு 1947ஆம் ஆண்டுச் சட்டம் வழி வகுத்தது. வழி வழியாகவே கிடந்தது. 1948இல் குடியுரிமை போயிற்று. அடுத்த ஆண்டே வாக்கும் போயிற்று. வாக்கற்றவனின் பள்ளிக்கூடத்துக்காக எந்த அமைச்சர் உறக்கமிழப்பார்? 1960இல் சமய நிறுவனங்களின் உதவி பெறும் பாடசாலைகளைப் பெரும் ஆரவாரத்தோடு ஏற்ற அரசின் கண்ணுக்கு லயத்தருகே நின்ற கொட்டகை தெரியவில்லை. தோட்டங்களே 1975இல் அரசுடைமையான பிறகுதான், 1977 முதல், அவையும் படிப்படியாக ஏற்கப்பட்டன.

அதன்பின் நன்மையே விளையவில்லை என்று கூறோம். சுவீடன் நாட்டு உதவியால் கட்டடங்கள் எழுந்தன. மலையகத்தின் பிள்ளைகளே ஆசிரியராயினர். ஆயினும் அவ்வாசிரியரை அரசு மதித்த விதம் என்ன? 2015ஆம் ஆண்டளவில் உதவி ஆசிரியர் என்ற பெயரில் மலையகப் பாடசாலைகளுக்கு நியமிக்கப்பட்ட இளைஞருக்கு மாதம் 6,000 ரூபாய்ப் படி! நகரத்து ஆசிரியருக்கு இதை நீட்டத் துணிந்திருப்பார்களா?

உயர்தரத்தில் விஞ்ஞானமும் கணிதமும் கற்க விரும்பும் தோட்டத்துப் பிள்ளை பெரும்பாலும் மலையிறங்கி நகரத்துக்கு வரவேண்டும். பஸ் கட்டணம், அறை வாடகை, வகுப்புக் கட்டணம் யாவும் நாட்கூலியில் அடங்க வேண்டும். அடங்காதபோது பிள்ளை நின்றுவிடுகிறது. அறிக்கை எழுதுவோர் "நாட்டமின்மை" என்று எழுதிவிடுகிறார்கள்.

சீர்திருத்தம் பேசுவோரே, பாடநூலின் அட்டையை மாற்றுவதிருக்கட்டும். ரத்தோட்டைப் பக்கத்திலே விஞ்ஞான உயர்தரமும் மாணவர் விடுதியும் முழுச் சம்பள ஆசிரியரும் உள்ள ஒரு தமிழ்ப் பாடசாலையை நிறுவுங்கள். அதற்கு முன், சென்ற ஐந்தாண்டுகளில் எத்தனை தோட்டத்துப் பிள்ளைகள் எந்தத் தரத்தில் நின்றுபோயினர் என்ற கணக்கை மாத்தளைக் கல்வி அலுவலகம் தோட்டவாரியாக வெளியிடட்டும்.